படைப்புச் சொல்லைப் படிப்பது எப்படி: யூத மறைஞான நூல்களுக்குள் நுழைவோருக்கு

சமய நியமங்களைக் கைக்கொண்டு வாழும் ஒரு யூதர், தாகத்துக்கு ஒரு குவளைத் தண்ணீர் எடுத்தாலும், குடிப்பதற்கு முன் ஒரு சிறு துதியைச் சொல்வார். அந்தத் துதி "ஷெஹகோல் நிஹ்யா பித்வாரோ" என்று முடியும். அனைத்தும் அவருடைய சொல்லால் உண்டாயின என்பது அதன் பொருள். காலை வழிபாட்டில் வரும் இன்னொரு துதி "பாரூக் ஷெஅமார் வெஹாயா ஹாஓலாம்" என்று தொடங்குகிறது. சொன்னார், உலகம் உண்டாயிற்று, அவர் போற்றி என்று அதைத் தமிழில் சொல்லலாம். கடவுளின் சொல்லே உலகைப் படைத்தது என்பது மறைஞானிகள் எங்கோ பூட்டி வைத்திருக்கும் இரகசியம் என்ற நினைப்போடு பலர் இந்தத் துறைக்குள் வருகிறார்கள். உண்மையில் அது தண்ணீர்க் குவளைக்கு முன்னால் நாள்தோறும் சொல்லப்படும் வாக்கியம். மறைஞானிகள் அந்த வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, அந்தச் சொல் எந்த எழுத்துகளால் ஆனது, அந்த எழுத்துகள் எங்கே பிறந்தன, அது சொல்லி முடிக்கப்பட்டதா அல்லது இன்னும் சொல்லப்பட்டுக்கொண்டிருக்கிறதா என்று கேட்டார்கள்.

இந்தக் கேள்விகளைத் தமிழ் வாசகர் ஒருவர் எந்த வரிசையில், எதைக் கையில் வைத்துக்கொண்டு பின்தொடரலாம் என்று சொல்வதே இந்த வழிகாட்டியின் வேலை. இந்தப் பொருளைச் சுருக்கங்களின் வழியாகக் கற்க முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அப்படித்தான் தொடங்கினேன். பிறர் எழுதிய விளக்கங்களைப் பல மாதங்கள் படித்த பிறகும் மூலத்தின் ஒரு வரியைக்கூட என்னால் தனியே பொருள்கொள்ள முடியவில்லை. வாயால் ஒலித்து, கையால் எழுதி, விரல்விட்டு எண்ணிய பிறகே வரிகள் திறந்தன. இந்நூல்களை எழுதியவர்களும் அப்படிப் படிப்பவரையே மனத்தில் வைத்திருந்தார்கள்.

முதலில் எழுத்துகள்

எபிரேய நெடுங்கணக்கில் 22 எழுத்துகள் உள்ளன. அவை அனைத்தும் மெய்யெழுத்துகள். உயிரொலிகளைப் புள்ளிகளாலும் கோடுகளாலும் குறிக்கும் முறை பிற்காலத்தில் வந்தது. இந்த 22 எழுத்துகளின் பெயர்களைத் தேடி நீங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தமிழ் வேதாகமத்தில் 119-ஆம் சங்கீதத்தைத் திறந்தால், எட்டெட்டு வசனங்கள் கொண்ட 22 பகுதிகளாக அது பிரிந்திருப்பதையும், ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும் ஓர் எபிரேய எழுத்தின் பெயர் அச்சிடப்பட்டிருப்பதையும் காணலாம். மூலத்தில் ஒரு பகுதியின் எட்டு வசனங்களும் அந்தப் பகுதிக்குரிய எழுத்திலேயே தொடங்குகின்றன. மொழிபெயர்ப்பில் மறைந்துபோன அந்த அமைப்பின் எலும்புக்கூடுதான் அந்தத் தலைப்புகள்.

ஆலெஃப், பேத், கீமெல், தாலெத், ஹே, வாவ், ஸயின், ஹேத், தேத், யோத், காஃப், லாமெத், மேம், நூன், ஸாமெக், அயின், பே, ஸாதே, கோஃப், ரேஷ், ஷீன், தாவ் என்ற இந்த வரிசையை மனப்பாடம் செய்யுங்கள். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவற்றின் எபிரேய வடிவங்களை நாளுக்கு இரண்டு எழுத்தாக எழுதிப் பழகுங்கள். இரண்டு வாரங்களில் முடிந்துவிடும். தமிழ்க் காதுக்கு இரண்டு இடங்களில் தடுமாற்றம் வரும். ஆலெஃப், அயின் இரண்டும் நமக்கு வெறும் உயிரொலிகளாகத் தோன்றும்; அவை தொண்டையில் பிறக்கும் இரு வேறு மெய்கள். தேத், தாவ் இரண்டையும் நாம் 'த்' என்றே எழுதுவோம். மூலத்தில் அவை வெவ்வேறு எழுத்துகள். தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு எழுத்தெண்ணும் பயிற்சிகளைச் செய்தால் கணக்கு தவறும் என்பதால், வடிவங்களைப் பழகுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

யோத், ஹே, வாவ், ஹே என்ற நான்கெழுத்துப் பெயரை யூதர்கள் உச்சரிப்பதில்லை. வழிபாட்டில் அதற்குப் பதிலாக 'அதோனாய்' என்றும், பேச்சில் 'ஹஷேம்', அதாவது 'அந்தப் பெயர்' என்றும் சொல்வார்கள். எழுத்துகளைக் கூட்டிப் பழகும்போது இந்தப் பெயரை ஒலித்துப் பார்க்கும் ஆவல் வரும், அதை அடக்கிக்கொள்ளுங்கள். நாம் படிப்பது இன்றும் வாழ்கின்ற ஒரு சமூகத்தின் திருநூல்களை.

பத்துச் சொற்களை எண்ணுதல்

அடுத்து ஆதியாகமத்தின் முதல் அதிகாரம். "பத்துச் சொற்களால் உலகம் படைக்கப்பட்டது" என்று, யூத வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் 'ஆவோத்' பகுதி, ஐந்தாம் அதிகாரத்தின் தொடக்கத்தில் கூறுகிறது. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா அந்தப் பத்தும் எவை என்று சொல்வதில்லை. எண்ணும் வேலை உங்களுடையது. 'வயோமெர்', அதாவது 'என்று சொன்னார்' என்ற சொல் வரும் இடங்களைப் பென்சிலால் குறியுங்கள். 3, 6, 9, 11, 14, 20, 24, 26, 28, 29 ஆகிய வசனங்களில் அது கிடைக்கும். சரியாகப் பத்து என்று மகிழ்ந்துவிட வேண்டாம். 28-ஆம் வசனம் படைக்கப்பட்டுவிட்ட மனிதர்களுக்குச் சொல்லும் ஆசி; 29-ஆம் வசனம் அவர்களுக்கு உணவை ஒதுக்கித் தருவது. இவற்றைப் படைக்கும் சொற்களாகக் கொள்ளலாமா?

மிஷ்னாவை விவாதித்து விரிக்கும் தல்மூதின் 'ரோஷ் ஹஷானா' பகுதியில் இதே கணக்கு வருகிறது. 'வயோமெர்' ஒன்பதுதானே இருக்கின்றன என்ற கேள்வி அங்கே எழுகிறது. 'பெரேஷித்', அதாவது 'ஆதியிலே' என்ற முதற்சொல்லும் ஒரு படைப்புச் சொல்தான் என்பது விடை. அதற்குச் சான்றாக 33-ஆம் சங்கீதத்தின் ஆறாம் வசனம் காட்டப்படுகிறது: கர்த்தருடைய வார்த்தையினால் வானங்கள் உண்டாக்கப்பட்டன. வானங்கள் முதல் வசனத்திலேயே படைக்கப்படுகின்றன. ஆனால் அங்கே 'சொன்னார்' என்ற சொல் இல்லை. ஆகவே அங்கும் ஒரு சொல் சொல்லப்பட்டிருக்க வேண்டும். இந்த ஒரு விடையில் பிற்கால மறைஞானத்தின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. ஒன்பது சொற்கள் காதில் விழுபவை, முதற்சொல் காதில் விழாதது. இடைக்கால யூத மறைஞான மரபான கபாலா அதை 'மறைந்த சொல்' என்று அழைத்து, அதிலிருந்தே மற்ற ஒன்பதும் வெளிப்படுவதாகக் கொண்டது. எந்த வசனத்தை விடுவது, எதைச் சேர்ப்பது என்பதில் உரையாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. உங்கள் பட்டியலில் எதை விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வசனத்தில் நின்று நிதானியுங்கள். தமிழில் "வெளிச்சம் உண்டாகக்கடவது என்றார், வெளிச்சம் உண்டாயிற்று" என்று படிக்கிறோம். எபிரேயத்தில் கட்டளை "யெஹி ஓர்". நிகழ்ந்தது "வயெஹி ஓர்". முன்னால் 'வாவ்' என்ற ஓர் எழுத்து சேர்ந்ததைத் தவிர, எழுத்தளவில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. சொன்னதற்கும் நடந்ததற்கும் நடுவில் வேறு பொருளோ கருவியோ நுழையவில்லை, சொல்லே நிகழ்ச்சியாகிவிட்டது. இந்த வரியை இருபது முறை வாய்விட்டுச் சொன்னால், எந்த விளக்கவுரையும் தராத ஒன்று உங்களுக்குப் பிடிபடும். 'தாவார்' என்ற எபிரேயச் சொல்லுக்குச் சொல் என்றும் பொருள், காரியம் அல்லது வஸ்து என்றும் பொருள். 'பொருள்' என்ற ஒரே சொல்லால் அர்த்தத்தையும் வஸ்துவையும் குறிக்கும் தமிழர்களுக்கு இது அந்நியமாக இருக்காது.

யோவான் சுவிசேஷத்தின் "ஆதியிலே வார்த்தை இருந்தது" என்ற வரி கிறிஸ்தவ வாசகர்களுக்கு இங்கே நினைவுக்கு வரும். அது வேறொரு பாதை. அங்கே வார்த்தை ஓர் ஆளாக நின்று மாம்சமாகிறது. யூத மரபிலும் அலெக்சாந்திரியாவின் ஃபைலோ முதல் நூற்றாண்டில் 'லோகோஸ்' பற்றி எழுதினார். வேதாகமத்தின் பழைய அரமேய மொழிபெயர்ப்புகளில் 'மேம்ரா', அதாவது ஆண்டவரின் சொல், செயல்படுவதாக வருகிறது. ஆனால் மறைஞானிகள் சொல்லை அதன் எழுத்துகளாகப் பிரித்துப் பார்த்தார்கள். நாதப் பிரமம், ஓங்காரம் ஆகியவற்றோடு ஒப்பிடும் ஆவலையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். ஒப்பிடுவதற்கு இரு பக்கமும் தெரிந்திருக்க வேண்டும், இந்தப் பக்கம் இன்னும் உங்களுக்குத் தெரியவில்லை.

செஃபெர் யெட்ஸிரா

'படைப்பின் நூல்' அல்லது 'உருவாக்கத்தின் நூல்' என்று பொருள்படும் செஃபெர் யெட்ஸிராவே இந்தப் படிப்பின் நடுத்தூண். குறும்பதிப்பு, நெடும்பதிப்பு, சாதியா காவோன் கையாண்ட பதிப்பு எனப் பல பாடங்களில் அது கிடைக்கிறது. நெடும்பதிப்பே சில பக்கங்களுக்குள் அடங்கிவிடும். எழுதியவர் பெயரும் காலமும் உறுதியாகத் தெரியாத நூல் இது. மரபு அதை ஆபிரகாமுக்கு உரியதாகச் சொல்கிறது, அறிஞர்கள் அதன் காலத்தைப் பல நூற்றாண்டுகள் முன்னும் பின்னுமாக வைக்கிறார்கள். 10-ஆம் நூற்றாண்டில் அது ஏற்கெனவே மதிப்புமிக்க நூலாக இருந்தது. பாபிலோனியாவில் சாதியா காவோன் 931-இல் அதற்கு அரபு மொழியில் உரை எழுதினார். முதன்முதலாக அச்சேறியது 1562-இல், இத்தாலியின் மாந்துவாவில். நீங்கள் வாங்கும் மொழிபெயர்ப்பு எந்தப் பாடத்தைப் பின்பற்றுகிறது என்று முன்னுரையில் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையெனில் இரண்டு நூல்களை ஒப்பிடும்போது எண்களும் வரிசைகளும் பொருந்தாமல் குழம்புவீர்கள்.

நூல் 32 வியத்தகு ஞானப் பாதைகளோடு தொடங்குகிறது. பத்து செஃபிரோத், 22 எழுத்துகள், ஆகக் கூடி 32. இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பிற்காலக் கபாலாவில் செஃபிரோத் என்பவை இறைமையின் பத்து வெளிப்பாடுகள். கேதெர், ஹோக்மா, பீனா என்ற பெயர்களோடு மரம் போன்ற வரைபடத்தில் அவற்றைக் கண்டிருப்பீர்கள். செஃபெர் யெட்ஸிராவில் அந்தப் பெயர்களும் இல்லை, மரமும் இல்லை. அங்கே அவை எண்களுக்கு நெருக்கமானவை. தொடக்கம், முடிவு, நன்மை, தீமை, மேல், கீழ், நான்கு திசைகள் எனப் பத்து ஆழங்களாக விரிகின்றன. "பத்து, ஒன்பதல்ல, பத்து, பதினொன்றல்ல" என்று நூல் அழுத்திச் சொல்கிறது. மர வரைபடத்தை மனத்திலிருந்து எடுத்துவிட்டுப் படியுங்கள்.

எழுத்துகள் மூன்று தொகுதிகளாகப் பிரிகின்றன. ஆலெஃப், மேம், ஷீன் ஆகிய மூன்றும் தாய் எழுத்துகள். பேத், கீமெல், தாலெத், காஃப், பே, ரேஷ், தாவ் ஆகிய ஏழும் வன்மை மென்மை என இருவகையாக ஒலிப்பதால் இரட்டை எழுத்துகள். எஞ்சிய பன்னிரண்டும் தனி எழுத்துகள். ஒவ்வொரு தொகுதியும் உலகம், ஆண்டு, உயிருடல் என்ற மூன்று தளங்களிலும் ஒன்றைப் படைக்கிறது. தாய் எழுத்துகளால் உலகில் காற்றும் நீரும் நெருப்பும், ஆண்டில் மிதமும் குளிரும் வெப்பமும், உடலில் மார்பும் வயிறும் தலையும் உண்டாயின. இரட்டை எழுத்துகளால் ஏழு கோள்கள், வாரத்தின் ஏழு நாட்கள், முகத்தின் ஏழு வாயில்கள். தனி எழுத்துகளால் பன்னிரண்டு இராசிகள், பன்னிரண்டு மாதங்கள், பன்னிரண்டு உறுப்புகள். எந்த எழுத்துக்கு எந்தக் கோள் என்பதில் பாடங்கள் வேறுபடுகின்றன. அந்த அட்டவணைகளை மனப்பாடம் செய்ய நேரம் செலவிட வேண்டாம்.

நேரம் செலவிட வேண்டிய இடம் தாய் எழுத்துகள். மேம் அடங்கி ஒலிக்கிறது, ஷீன் சீறுகிறது, ஆலெஃப் இரண்டுக்கும் நடுவில் துலாக்கோலின் நாவாக நிற்கிறது என்பது நூலின் கருத்து. இதை வாயால் சோதித்துப் பார்க்கலாம். உதடுகளை மூடி 'ம்ம்ம்' என்று நீட்டுங்கள். நீரின் அமைதி அதில் உண்டு. பிறகு 'ஷ்ஷ்ஷ்' என்று நீட்டுங்கள். நெருப்பில் நீர் தெளித்தாற்போன்ற சீற்றம். இப்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுங்கள். உதடு திறந்து அடுத்த ஒலி பிறப்பதற்கு முன்னுள்ள அந்த வெறும் மூச்சின் கணம்தான் ஆலெஃப், அதுவே காற்று. ஐந்து நிமிடம் இதைச் செய்த பிறகு அந்தப் பகுதியை மறுபடி படித்தால், ஏன் காற்று நடுவில் நிற்கிறது என்பதற்கு விளக்கம் தேவைப்படாது.

அதே போல, எழுத்துகள் வாயில் ஐந்து இடங்களில் பதிக்கப்பட்டன என்று நூல் கூறுகிறது. ஆலெஃப், ஹே, ஹேத், அயின் தொண்டையில். பேத், வாவ், மேம், பே உதட்டில். கீமெல், யோத், காஃப், கோஃப் அண்ணத்தில். தாலெத், தேத், லாமெத், நூன், தாவ் நாவில். ஸயின், ஸாமெக், ஸாதே, ரேஷ், ஷீன் பல்லில். எழுத்துகளின் பிறப்பிடத்தை இலக்கணத்தில் கற்ற தமிழ் மாணவருக்கு இந்தப் பகுதி எளிதாகவே இருக்கும். ஆனால் இங்கே சொல்லப்படுவது இலக்கணத்தைத் தாண்டிப் போகிறது: கடவுள் எழுத்துகளைக் குறித்தார், செதுக்கினார், நிறுத்தார், மாற்றினார், இணைத்தார், அவற்றால் உருவான யாவற்றின் உயிரையும், இனி உருவாகப்போகும் யாவற்றின் உயிரையும் வடித்தார். கல்தச்சரின் வேலையும் பொற்கொல்லரின் வேலையும் கலந்த வினைச்சொற்கள் இவை. குரல், மூச்சு, பேச்சு என்ற மூன்றையும் நூல் ஓரிடத்தில் ஒன்றாக நிறுத்தி, அதுவே பரிசுத்த ஆவி என்கிறது.

இனி நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துகளைக் கற்கள் என்றும் சொற்களை வீடுகள் என்றும் அழைத்து, நூல் ஒரு கணக்கைத் தருகிறது. இரண்டு கற்கள் 2 வீடுகளைக் கட்டும், மூன்று கற்கள் 6, நான்கு கற்கள் 24, ஐந்து 120, ஆறு 720, ஏழு 5040. இதற்கு அப்பால், வாயால் சொல்ல முடியாததையும் காதால் கேட்க முடியாததையும் நீயே போய்க் கணக்கிடு என்று முடிகிறது. மூன்று கற்களை நீங்களே அடுக்கிப் பாருங்கள். அயின், நூன், கீமெல் என்ற மூன்றையும் ஆறு வகையாக எழுதுங்கள். அயின்-நூன்-கீமெல் என்ற வரிசையில் 'ஓனெக்', அதாவது இன்பம், கிடைக்கும். நூன்-கீமெல்-அயின் என்ற வரிசையில் 'நெகா', அதாவது வாதை, கிடைக்கும். நன்மையில் இன்பத்துக்கு மேல் இல்லை, தீமையில் வாதைக்குக் கீழ் இல்லை என்று நூல் காட்டும் எடுத்துக்காட்டு இதுவே. அதே மூன்று கற்கள். முதலில் நின்ற கல் கடைசிக்குப் போனதும் வீடு தலைகீழாகிவிட்டது. படைப்பின் முழுப் பன்மையும் எண்ணிக்கையில் குறைந்த எழுத்துகளின் இடமாற்றத்தால் வந்தது என்ற கொள்கையை, உங்கள் பென்சில் முனையிலேயே காண்கிறீர்கள்.

பிறகு 22 எழுத்துகளையும் ஒரு வட்டமாக எழுதி, ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் கோட்டால் இணைத்துப் பாருங்கள். 22-ஐ 21-ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் 231 வரும். இவையே புகழ்பெற்ற 231 வாயில்கள். ஆலெஃப் எல்லாவற்றோடும், எல்லாம் ஆலெஃபோடும், பேத் எல்லாவற்றோடும், எல்லாம் பேத்தோடும் எனச் சக்கரம் முன்னும் பின்னும் சுழல்கிறது என்று நூல் கூறுகிறது. எல்லாக் கோடுகளையும் போட ஒரு மாலைப்பொழுது ஆகும். போட்டு முடியுங்கள், கடைசிப் பயிற்சிக்கு இந்தத் தாள் வேண்டும். இதைவிட எளிய பயிற்சி ஒன்றும் நூலில் உண்டு. யோத், ஹே, வாவ் என்ற மூன்றெழுத்துகளின் ஆறு வரிசைகளால் மேல், கீழ், கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு ஆகிய ஆறு பக்கங்களும் முத்திரையிடப்பட்டன என்கிறது. எல்லையற்று விரியக்கூடிய வெளிக்கு எல்லை கட்டியதும் எழுத்துகளே.

நூலின் தொடக்கப் பகுதியிலேயே இன்னொரு கட்டளை உண்டு: வாயைப் பேசாமலும் நெஞ்சை நினைக்காமலும் அடக்கு, நெஞ்சு ஓடினால் இருந்த இடத்துக்குத் திரும்பு. எழுத்துகளின் கணக்கில் மூழ்கி, ஒரு கட்டத்தில் எல்லா எழுத்துகளிலும் எல்லா அர்த்தங்களும் தெரியத் தொடங்கும்போது இந்த வரியை நினைத்துக்கொண்டு நோட்டை மூடிவிடுங்கள். இதைச் சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை. தூக்கம் கெடுமளவுக்கு இந்தக் கணக்கு ஆளை இழுக்கக்கூடியது.

கபாலா நூல்களுக்குள்

12, 13-ஆம் நூற்றாண்டுகளில் பிரோவென்சிலும் ஸ்பெயினிலும் கபாலா உருவானபோது, இந்தச் சிறு நூலே அதன் வேர்களில் ஒன்றாக இருந்தது. பார்வையற்ற ஈசாக்கு என்று அறியப்படும் பிரோவென்சு ஞானி அதற்கு உரை எழுதினார். பத்துப் படைப்புச் சொற்களும் பத்து செஃபிரோத்தும் ஒன்றாகப் பொருத்தப்பட்டன. நஹ்மானிதெஸ், மோசேயின் ஐந்து நூல்களான தோராவுக்குத் தாம் எழுதிய உரையின் முன்னுரையில், தோரா முழுவதுமே கடவுளின் பெயர்களால் ஆனது என்ற மரபைப் பதிவு செய்தார். ஆபிரகாம் அபுலாஃபியா எழுத்துகளை இணைத்து, மூச்சோடு சேர்த்து ஒலிக்கும் தியான முறையையே வகுத்தார். அந்த முறைகளை ஆசிரியர் இல்லாமல் முயலக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினின் காஸ்தீலில் வெளிப்பட்ட ஸோஹார் என்ற கபாலா நூல் மிகப் பெரிய கடல். புதியவர் அதன் முன்னுரையில் வரும் எழுத்துகளின் கதையோடு தொடங்குவது நல்லது. உலகைப் படைக்கக் கடவுள் எண்ணியபோது எழுத்துகள் தாவ் தொடங்கிப் பின்வரிசையில் ஒவ்வொன்றாக வந்து, என்னைக் கொண்டு படையும் என்று கேட்கின்றன. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு குறையால் திருப்பியனுப்பப்படுகிறது. 'ஆசி' என்று பொருள்படும் 'பெராகா' தொடங்கும் எழுத்தென்பதால் பேத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. தோராவும் அந்த எழுத்திலேயே தொடங்குகிறது. கேட்காமல் ஒதுங்கி நின்ற ஆலெஃபுக்கு எல்லா எழுத்துகளுக்கும் தலைமை கிடைக்கிறது. பேத் மூன்று பக்கம் மூடி, முன்பக்கம் மட்டும் திறந்திருப்பதால், மேலே என்ன, கீழே என்ன, முன்பு என்ன என்று கேளாதே, படைப்பு தொடங்கிய நாளிலிருந்து முன்னோக்கிக் கேள் என்று ஆதியாகமத்துக்கான பழைய விளக்க நூலான மித்ராஷ் ஏற்கெனவே விளக்கியிருந்தது. எபிரேய பேத்தை எழுதிப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும்.

ஸோஹாரில் படைப்புச் சொல்லுக்கு உள்ளே ஒரு பயணமும் உண்டு. சிந்தனை, கேட்காத குரல், கேட்கும் குரல், பேச்சு எனப் படிப்படியாக இறங்கி, மல்கூத் என்ற கடைசி செஃபிராவில் அது சொல்லாகிறது. நீங்கள் ஒரு வாக்கியத்தைச் சொல்லும்போது அது எண்ணமாக எழுந்து, மூச்சாகித் திரண்டு, குரலாகி, உச்சரிப்பாகப் பிரிவதைக் கவனித்தால், ஸோஹார் எந்த அனுபவத்திலிருந்து பேசுகிறது என்பது புரியும்.

ஒதுக்கி வைக்க வேண்டியவை

தல்மூதின் 'சன்ஹெத்ரின்' பகுதியில், ராவா என்ற ஞானி ஒரு மனிதனைப் படைத்து ராபி ஸேராவிடம் அனுப்பியதாகவும், பேசினால் அவன் பதில் சொல்லாததால், "உன் மண்ணுக்குத் திரும்பு" என்று ஸேரா சொன்னதாகவும் ஒரு சிறு கதை வருகிறது. படைக்கும் சொல் மனிதனிடம் வந்தாலும், பேசும் ஆற்றலை அதனால் தர முடியவில்லை என்பதே அந்தக் கதையின் கூர்மை. மண்ணால் செய்து எழுத்தால் உயிரூட்டப்பட்ட உருவமான கோலெம் பற்றிய கதைகள் எல்லாம் இதிலிருந்து கிளைத்தவை. நெற்றியில் எழுதிய 'எமெத்', அதாவது உண்மை, என்ற சொல்லின் ஆலெஃபை அழித்தால் 'மெத்', அதாவது இறந்தவன், ஆகிவிடும் என்பது எழுத்துக் கொள்கையின் அழகிய நிழல். ஆனால் 1609-இல் இறந்த பிராகு நகரத்து ராபி யூதா லோவோடு கோலெமை இணைக்கும் கதை, அவர் காலத்துக்கு வெகு பின்னால், 19-ஆம் நூற்றாண்டில் அச்சில் பரவியது. அதைக் கொண்டு கபாலாவைக் கற்க முடியாது.

'அப்ரகடப்ரா' என்பது 'நான் சொல்வதுபோலப் படைக்கிறேன்' என்ற அரமேயத் தொடர் என்று பலர் எழுதுகிறார்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை. எழுத்துகளின் எண்மதிப்பைக் கூட்டும் கெமாத்ரியாவையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். 'எலோஹிம்', அதாவது கடவுள், என்பதற்கும் 'ஹதேவா', அதாவது இயற்கை, என்பதற்கும் மதிப்பு 86 என்பது சிந்திக்க வைக்கும் பொருத்தம்தான். ஆனால் எண் முதலில் வந்து பொருள் பின்னால் வந்தால், எதையும் எதோடும் பொருத்திவிடலாம். கிறிஸ்தவக் கபாலா தனி வரலாறு: யோகன்னஸ் ரொய்க்லின் 1494-இல் அற்புதச் சொல்லைப் பற்றி ஒரு நூல் எழுதி, நான்கெழுத்துப் பெயரின் நடுவில் ஷீனைச் சேர்த்து இயேசுவின் பெயரைக் கண்டார். 1888-இல் இலண்டனில் தொடங்கிய கோல்டன் டான் என்ற மாந்திரீகச் சங்கத்தார் எழுத்துகளைத் தாரோட் சீட்டுகளோடு இணைத்தார்கள். இவற்றைப் படிப்பதில் தவறில்லை. ஆனால் யூத நூல்கள் சொல்வதாக அவற்றை எடுத்துக்கொண்டால் ஒரு சமூகத்தின் சொல்லை அதனிடமிருந்து பறித்ததாகிவிடும்.

கடைசிப் பயிற்சி: ஒரு கல்

இலியாதி ஊரின் ஷ்னேயூர் ஸல்மான் 1796-இல் வெளியிட்ட தான்யா என்ற ஹசிதிய நூலின் இரண்டாம் பகுதிக்கு இப்போது வாருங்கள். ஹசிதியம் என்ற யூத பக்தி இயக்கத்தின் தந்தையான பால் ஷெம் தோவ் 119-ஆம் சங்கீதத்தின் 89-ஆம் வசனத்துக்குச் சொன்ன விளக்கத்தோடு அது தொடங்குகிறது: "உமது வசனம் என்றென்றைக்கும் வானங்களில் நிலைத்திருக்கிறது." முதலில் எழுத்துப் பெயர்களுக்காக நீங்கள் திறந்த அதே சங்கீதம், இந்த வசனம் லாமெத் பகுதியின் முதல் வரி. ஆகாயவிரிவு உண்டாகக்கடவது என்ற சொல்லின் எழுத்துகள் இப்போதும் ஆகாயத்துக்குள் நின்று அதற்கு உயிர் தருகின்றன, அவை ஒரு கணம் விலகினாலும் அது ஒருபோதும் இல்லாததுபோல் ஆகிவிடும் என்பது அந்த விளக்கம். படைப்பு முடிந்துபோன நிகழ்ச்சி என்று இந்த மரபு ஒருபோதும் எண்ணவில்லை என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன பகுதியை நான் வேறெங்கும் படித்ததில்லை.

உடனே ஒரு கேள்வி எழும். வானம், ஒளி, நீர் ஆகியவை பத்துச் சொற்களில் வருகின்றன. வழியில் கிடக்கும் கல் வரவில்லையே, அது எதனால் நிற்கிறது? ஷ்னேயூர் ஸல்மான் இதே எடுத்துக்காட்டைத்தான் எடுக்கிறார். 'ஏவென்', அதாவது கல், என்ற பெயர் பத்துச் சொற்களில் இல்லை. ஆனாலும் அச்சொற்களின் எழுத்துகள் 231 வாயில்களின் வழியே முன்னும் பின்னுமாக இணைந்தும் மாறியும், படிப்படியாக இறங்கி, ஆலெஃப், பேத், நூன் என்ற அந்தக் கூட்டாக வந்து கல்லுக்கு உயிர் தருகின்றன என்கிறார்.

நீங்கள் வரைந்த வட்டத்தை எடுத்து, ஆலெஃபிலிருந்து பேத்துக்கும் பேத்திலிருந்து நூனுக்கும் செல்லும் கோடுகளைத் தடித்த பென்சிலால் இழுங்கள். செஃபெர் யெட்ஸிரா எழுத்துகளைக் கற்கள் என்றது. தான்யா கல்லை எழுத்துகள் என்கிறது. பிறகு வாசலில் கிடக்கும் ஒரு கல்லைக் கொண்டுவந்து அந்தத் தாளின் மேல் வையுங்கள். தான்யாவின் அந்த முதல் அத்தியாயத்தை, முடிந்தால் இன்னொருவரை எதிரில் அமர்த்திக்கொண்டு, ஒருவர் படிக்க ஒருவர் கேள்வி கேட்டபடி, மெதுவாக வாய்விட்டுப் படியுங்கள்.